ஐந்து கட்டமும் நிரம்பின, சந்தை வரவில்லை: வருணனை எழுத்தில் ஐம்புலன்

முற்றத்துவேம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தமிழ்த்தினப் போட்டிக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பும் இவ்வருடம் என்னிடம் வந்திருக்கிறது. வருணனை எழுதச் சொன்னால், தலைப்பு எதுவாக இருந்தாலும், கதிரவன் பொற்கரங்களை விரிப்பான், புள்ளினங்கள் பண்ணிசைக்கும், தென்றல் வந்து தழுவும். ஆடி மாதத்தில் நம் ஊரில் வீசுவது சோளகம் என்பதும், அது தழுவாது, கதவைப் பிடித்து அடிக்கும் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பேனையை எடுத்தவுடன் மறந்துவிடுகிறார்கள்.

இதனை மாற்றுவதற்காகக் கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் கீறி, கண், செவி, மூக்கு, நா, மெய் என்று தலைப்பிட்டு, சந்தையைப் பற்றி ஒவ்வொன்றிலும் நிரப்பிய பின்னர் கட்டுரையாக எழுதுங்கள் என்றேன். கிடைத்தது இதுதான்:

“சந்தையில் பல நிறக் காய்கறிகளைக் கண்டேன். வியாபாரிகளின் கூச்சலைக் கேட்டேன். மல்லிகைப் பூவின் நறுமணத்தை நுகர்ந்தேன். மாம்பழத்தின் இனிமையைச் சுவைத்தேன். கத்தரிக்காயின் மென்மையைத் தொட்டு உணர்ந்தேன்.”

முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். முப்பத்திரண்டு கட்டுரையிலும் ஏறக்குறைய இதே ஐந்து வாக்கியங்கள். கட்டம் எல்லாம் நிரம்பியிருக்கிறது, ஆனால் எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு நாள் போனவர் எவரும் இதை வாசித்து “ஓம், அதுதான்” என்று சொல்லமாட்டார். புலன்களைக் கொண்டு எழுதுவதைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லித்தர வேண்டும்.

படலை எழுதியது:

ரீச்சர், அந்த ஐந்து வாக்கியங்களின் வினைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: கண்டேன், கேட்டேன், நுகர்ந்தேன், சுவைத்தேன், உணர்ந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் வாசகருக்கும் நடுவில் எழுதுபவருடைய உறுப்பு ஒன்று வந்து நின்றுகொள்கிறது. “மீன் வெட்டும் சத்தத்தைக் கேட்டேன்” என்று எழுதினால் வாசகர் உங்களைப் பார்ப்பார்; “கத்தி மரக்குற்றியில் விழுந்தது” என்று எழுதினால் சத்தம் தானாகவே வந்துவிடும். சிறுகதை எழுதத் தொடங்கிய நாட்களில் என்னுடைய கைப்பிரதி ஒன்றில் இந்த வினைகளை எல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டித் தந்தார் ஒரு மூத்த எழுத்தாளர். பக்கத்தில் பாதி போய்விட்டது, காட்சி போகவில்லை. அடுத்த வகுப்பில் இந்த ஐந்து வினைகளையும் தடைசெய்து எழுதச் சொல்லிப் பாருங்கள்.

பனங்கூடல் எழுதியது:

பிள்ளை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத அனுமதி தாருங்கள்.

நீங்கள் கட்டங்களைக் கண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது வேறொரு வரிசையைச் சொல்கிறது. ஓரறிவு உற்றறிவது, அதாவது தொடுவுணர்வு, இரண்டாவது அதனோடு நா, மூன்றாவது மூக்கு, நான்காவதாகத்தான் கண், ஐந்தாவது செவி, ஆறாவது மனம். உயிரியல் நோக்கில் இதனை இன்று எவ்வாறு மதிப்பிடுவார்கள் என்பது வேறு விடயம். எழுதுபவருக்கு இந்த வரிசை ஒரு பெரிய உதவி. அடியில் கிடப்பது தோல். கண்ணும் செவியும் தூரத்திலிருந்து அறிபவை, தோலும் நாவும் பொருளோடு ஒட்டினால்தான் அறியும். பிள்ளைகளின் கட்டுரை சந்தைக்கு வெளியே நிற்பதுபோல் இருப்பதற்குக் காரணம், அவர்கள் தூரத்துப் புலன்களிலிருந்து தொடங்கியதே என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. குறுந்தொகையின் 167ஆம் பாட்டை, கூடலூர் கிழார் பாடியதை, ஒருமுறை பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். புதிதாக மணமுடித்த பெண் சமைக்கிறாள். கட்டித் தயிர் பிசைந்த மெல்விரல், அந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்திருப்பது, மைதீட்டிய கண்ணில் ஏறும் தாளிதப் புகை, தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பு. கணவன் உண்டு “இனிது” என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. ஆறே அடிகளில் ஐந்து புலனும் வந்துவிட்டன. பாட்டு முழுவதிலும் உள்ள ஒரே ஓசை அந்த “இனிது” என்ற சொல்தான். ஆனால் ஒன்றையாவது புலனுக்காகப் புலவர் வைத்தார் என்று காட்டமுடியுமா? விரலில் தயிர் இருப்பது அவள் பிசைந்ததால். கண்ணில் புகை ஏறியது அவள் அடுப்பை விட்டு நகராததால். அவள் செய்த வேலையின் வழியேதான் அத்தனையும் வருகின்றன. உங்கள் பிள்ளை கத்தரிக்காயை எதற்காகத் தொட்டது? கட்டத்தை நிரப்புவதற்காக.

ஈச்சம்பற்றை எழுதியது:

நானும் ஆசிரியை. கட்டங்களை ஒரேயடியாக எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதவே பயப்படும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். வெற்றுத் தாளைப் பார்த்து அழுத ஒரு பிள்ளை, கட்டம் தந்த பிறகு நான்கு வரி எழுதினாள். அந்த நான்கு வரியும் செத்த வரிகள்தான்; ஆயினும் திருத்துவதற்கு என் கையில் ஏதோ ஒன்று இருந்தது. கட்டத்தை வகுப்பில் இருந்துகொண்டு நிரப்பச் சொல்வதுதான் பிழை என்று நினைக்கிறேன். வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குச் சந்தை மூக்கில் இல்லை, பாடப்புத்தகம்தான் இருக்கிறது. ஆகவே மல்லிகை வருகிறது.

பாசையூர்க்கரை எழுதியது:

பனங்கூடல் ஐயா சொன்ன “வேலையின் வழியே” என்பதைப் பற்றிக்கொண்டு எழுதுகிறேன். எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். வெளியூர்க்காரர் எங்கள் கரையைப் பற்றி எழுதினால் முதல் வாக்கியத்திலேயே மீன் வெடுக்கு வந்துவிடும். அவர்களைக் குறைசொல்ல முடியாது, அவர்களுக்கு அதுதான் முதலில் படும். ஆனால் கரையிலேயே வாழும் ஒருத்தியின் வாயால் கதை சொல்லும்போதும் அதே வெடுக்கை எழுதினால் அது பொய். எங்களுக்கு அந்த மணம் தெரிவதே இல்லை. நான் கொழும்பில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், எங்கள் ஊருக்கு ஒரு மணம் இருக்கிறது என்று முதன்முதலாக அறிந்தேன். மூன்றாம் நாள் அது போய்விட்டது.

கரையில் நிற்பவர்கள் நம்புவது வேறு புலன்களை. அம்மா மீன் வாங்கும்போது முதலில் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார்; பின்னர் பெருவிரலால் முதுகுச் சதையை அழுத்துவார். பள்ளம் உடனே எழும்பினால் மீன் புதிது. விரல் பதிந்தபடி கிடந்தால் அடுத்த கூறுக்குப் போய்விடுவார். ஒரு சொல்லும் பேசமாட்டார். விற்கிற பெண்ணும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தப் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். விலை அங்கேதான் தீர்மானமாகிறது. காலையில் படகுகள் வரும்போது, எது யாருடைய படகு என்பதை உருவம் தெரிவதற்கு முன்னரே இயந்திரத்தின் சத்தத்தைக் கொண்டு சொல்லிவிடுவார்கள். சத்தம் பிந்தினால் கரையில் பேச்சு குறைந்துவிடும்.

ஆகவே ரீச்சர், “சந்தையில் என்ன மணம்?” என்று பிள்ளைகளிடம் கேட்கவேண்டாம். “சந்தையில் நீ யார்?” என்று கேளுங்கள். வாங்க வந்தவளா, விற்பவளின் மகளா, கூடையைச் சுமப்பவனா, வழி தவறிய குழந்தையா? ஆளைப் பொறுத்து எந்தப் புலன் முன்னால் நிற்கும் என்பது மாறும்.

சிறுகுறிஞ்சா எழுதியது:

மருத்துவ மாணவி என்ற முறையில் பாசையூர்க்கரை அக்கா சொன்னதை உறுதிப்படுத்துகிறேன். ஒரு மணம் தொடர்ந்து படும்போது மூக்கின் உணர்வு மங்கிவிடுவது இயல்பான உடற்றொழில். மாற்றத்தைத்தான் மூக்கு அறிவிக்கும். எனவே மணத்தை எழுதவேண்டிய இடம், ஆள் ஓரிடத்துக்குள் நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும்தான், நடுவில் அன்று.

மணம் பழைய நினைவை இழுத்து வருவதற்கும் உடலமைப்பில் ஒரு காரணம் உண்டு. ஏனைய புலன்களின் செய்திகள் தலமசு என்னும் இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பட்டைக்குப் போகின்றன. மணத்துக்கு அங்கே முதலில் நிற்காமல், நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய பகுதிகளுக்கு நேரே செல்லும் வழி இருக்கிறது. சொல் வருவதற்கு முன்னர் உணர்ச்சி வந்துவிடுவது அதனால்தான் போலும்.

எழுதுபவர்களுக்குப் பயன்படக்கூடிய மற்றொரு செய்தி: உறைப்பு ஒரு சுவையே அன்று. மிளகாயில் உள்ள கப்சைசின், நாக்கிலும் தோலிலும் சூட்டையும் வலியையும் உணரும் வாங்கிகளைத் தூண்டுகிறது. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாங்கிகளைக் கண்டறிந்தமைக்காகவே டேவிட் ஜூலியசுக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழின் உறைப்பை “நாவில்” என்ற கட்டத்துக்குள் அடைத்தால் பாதி போய்விடும். அது மூக்கில் நீராக வரும், காதுமடலில் சூடாக ஏறும், பிலாவிலையைக் கோலிப் பிடித்திருக்கும் விரலில் எரிவாக நிற்கும். அதேபோல் துவர்ப்பும் பெருமளவுக்கு வாயின் உட்தோல் இழுபடும் உணர்வே. தடிமன் பிடித்திருக்கும் நாளில் கறியில் ருசியே இல்லாமல் போவது, நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குக்கு உரியது என்பதால்தான். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டில் கூழ் துழாவப்படும் இடத்தில் “மணக்க மணக்க வாயூறிடுமே” என்று வருகிறதல்லவா. மூக்குக்கு ஒரு கட்டம், நாவுக்கு ஒரு கட்டம் என்று அங்கே பிரிக்கவே முடியாது.

கூதல்காற்று எழுதியது:

நான் நோர்வேயில் இருக்கிறேன். ஊரை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஊரைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறேன்; அவற்றில் மல்லிகையும் பனங்கள்ளும் நல்லூர்க் கற்பூரமும் நிறைய உண்டு. வாசித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் உண்மையில் என்னை நடுத்தெருவில் நிறுத்தியது அவற்றில் ஒன்றுமில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் இங்கே ஒரு நண்பரின் களஞ்சிய அறைக்குள் போனேன். விளக்குக்கான மண்ணெண்ணெய்க் கலனும், பக்கத்தில் ஈரம்பட்ட சணல் சாக்கும் இருந்தன. அந்த இரண்டும் சேர்ந்த மணத்தில் நான் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்றேன். கையில் கூப்பன் இருந்தது. எனக்கு முன்னால் பதினைந்து பேர். சீனிச் சாக்கின் வாயில் எறும்பு. மனேச்சர் கரண்டியைச் சாக்குக்குள் விடும்போது வரும் அந்தக் கரகரப்பு. அம்மா தந்துவிட்ட போத்தலின் கழுத்தில் கட்டிய கயிறு என் விரலை அறுத்துக்கொண்டிருந்தது. இவற்றை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்கத் தகுந்தவை என்று கருதியதும் இல்லை. மல்லிகையை நான் நினைவில் வைத்துக்கொண்டேன்; சாக்கோ என்னைத் தன் நினைவில் வைத்திருந்தது.

படலை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய விடயம். ஊரைப் பற்றிய எழுத்தில் இப்போது ஒரு பொருட்பட்டியல் உருவாகிவிட்டது: பனங்காய்ப் பணியாரம், கூழ், கறுத்தக் கொழும்பான், மல்லிகை, கோயில் மணி. யார் எழுதினாலும் இவை வரிசையாக வந்து நிற்கின்றன. மண்வாசனை என்று நாம் பெருமையோடு சொல்லும் சொல்லே மூக்கைக் கொண்டு பிறந்தது. ஆனால் மண்ணை முகராமலே மண்வாசனை எழுதமுடிகிறது என்பதுதான் என் வருத்தம். வாசகருக்கு ஏற்கனவே தெரிந்த மணத்தை எழுதினால் அவர் தலையசைப்பார். தெரிந்தும் தெரியாமல் கிடந்த மணத்தை எழுதினால் நிமிர்ந்து உட்காருவார். சீனிச் சாக்கின் வாயில் எறும்பு என்ற நான்கு சொல்லில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தோடு, ஒரு பந்திக்கு இரண்டு போதும். ஐந்தையும் கொட்டினால் ஒன்றை மற்றொன்று மூடிவிடும்.

துலாக்கிணறு எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாடசாலையில் படிக்கும்போது போரினால் நடந்த 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நான் அப்போது பிறக்கவில்லை. “அன்று வானமும் கண்ணீர் வடித்தது” என்று தொடங்கியிருந்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். முழுவதையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் தந்தார். பிறகு சொன்னார்: “வானம் அழேல்லைத் தம்பி. மழை பெஞ்சது.”

அன்றிரவுதான் முதன்முதலாக அவர் அதைப் பற்றிப் பேசினார். பார்த்தது என்று அவரிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஏனென்றால் இருட்டு. வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்திருந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர். சைக்கிளை ஓடமுடியாது, உருட்டவும் முடியாது, பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். அம்மாவின் சைக்கிளில் இடக்கைப் பிடியின் றப்பர் கழன்றிருந்ததாம். விடியும்வரை அந்த வெறும் இரும்பின் குளிர்தான் உள்ளங்கையில். சனம் திடீரென்று நிற்கும்போது முன்னால் போனவரின் நனைந்த சேட்டில் அம்மாவின் நெற்றி போய் முட்டும். அவர் யார் என்று கடைசிவரை தெரியாது. அவருடைய முதுகின் சூடு தெரியும். ஓர் அடி நகர்ந்தால் மறுபடி நிற்பது. செருப்புகள் தண்ணீரில் இழுபடும் சத்தம், எங்கோ பின்னால் ஒரு பெண் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் குரல். மணம் ஒன்றே ஒன்று: யாருடையதோ பால்மாப் பெட்டி உடைந்து, மழையில் கரைந்து, அந்த இடத்தைக் கடக்கும்வரை பால் மணத்ததாம். இன்றைக்கும் பால்மாப் பைக்கற்றை வெட்டும்போது அம்மா முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வார். நான் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முற்றத்துவேம்பு எழுதியது:

தம்பி, வாசித்தேன். அம்மாவின் அனுமதி இருந்தால் மட்டும் இதை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். கேட்டுச் சொல்லுங்கள்.

துலாக்கிணறு எழுதியது:

கேட்டேன், ரீச்சர். வாசிக்கட்டாம்.

ஓலைப்பெட்டி எழுதியது:

ரீச்சரின் வகுப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். என் மாமாவுக்குப் பதினெட்டு வருடமாகக் கண் தெரியாது. மாலையில் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். “காட்சி கண்கொள்ளாதது” என்று ஒரு வரி வந்தால் மாமா பொறுமையாக இருப்பார், ஆனால் அங்கே அவருக்கு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். விரைந்து வாசித்துக் கடந்துவிடுவேன். நிறங்களைப் பற்றி வந்தால் அவ்வாறு இல்லை. கண் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு “என்ன சிவப்பு? செம்மண் சிவப்போ, செம்பரத்தைச் சிவப்போ?” என்று கேட்பார். வெறும் சிவப்பு அவருக்குப் போதாது. உண்மையில் கண் உள்ளவருக்கும் அது போதாது அல்லவா?

மாமா எங்கள் வீட்டு வாசற்படலைக்கு வருபவரைச் சைக்கிளின் சத்தத்தைக் கொண்டு அறிவார்: செயின்கவர் உரசுவது ஒருவர், ஸ்ராண்ட் தட்டும்போது இரண்டு தரம் ஒலிப்பது இன்னொருவர். காற்று எழும்பினால், “பனை பேசத் தொடங்கிட்டுது” என்பார். தென்னோலை காற்றில் வழிந்து அசையும், பனையோலை விறைத்து நின்று சரசரக்கும். இரண்டும் வெவ்வேறு சத்தம் என்பதை அவர் சொன்ன பிறகே நான் கேட்டேன். காவோலை விழும் சத்தத்தில் அது மண்ணில் விழுந்ததா, வேலியில் விழுந்ததா என்பதையும் சொல்லிவிடுவார். தைப்பொங்கல் நாட்களில் இரவு முழுவதும் பட்டத்தில் கட்டிய விண் காற்றில் அதிர்ந்து கூவும்போது அவருக்கு உறக்கம் வராது. சிரமத்தினால் அன்று, கேட்டுக்கொண்டிருப்பதற்காக. எந்தப் பட்டம் உயரத்தில் நிற்கிறது, எது இறங்குகிறது என்று எனக்குச் சொல்வார். நான் வெளியே போய்ப் பார்த்தால் இருட்டில் ஒன்றும் தெரியாது.

உங்கள் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் ஒன்றைக் கண் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே அவர் முகம் மாறுகிறது என்று பார்க்கட்டும்.

பனங்கூடல் எழுதியது:

ஓலைப்பெட்டி சொன்ன “என்ன சிவப்பு” என்ற கேள்வி சொற்களுக்கு நம்மை இட்டுச்செல்கிறது. பிள்ளைகளிடம் உணர்வு இருக்கிறது. அந்த உணர்வுக்கு வீட்டில் சொல்லும் இருக்கிறது. கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதலாமா என்ற தயக்கம்தான் அவர்களைத் தடுக்கிறது. வீட்டில் மீனுக்கு வெடுக்கு என்றும், கிடாய்க்கு மொச்சை என்றும், பழைய தேங்காயெண்ணெய்க்குக் காறல் என்றும், பிஞ்சு வாழைக்காய்க்குக் கயர் என்றும் நுட்பமாகப் பிரித்துப் பேசும் பிள்ளை, தாளில் “துர்நாற்றம்”, “நறுமணம்” என்று இரண்டே சொல்லோடு நின்றுவிடுகிறது. தீவுப்பகுதிக் கிணற்றுத் தண்ணீரைச் சவர் என்போம். அந்த ஒரு சொல்லில் சுவையும் ஊரும் கோடையில் நன்னீருக்காகக் குடத்தோடு நடந்த தூரமும் இருக்கின்றன. கூதல், ஈரலிப்பு, புழுக்கம், பூஞ்சணம் எல்லாம் எழுத்துக்குத் தகுதியான சொற்களே. ஆசிரியர்களாகிய நாம்தான் ஒரு காலத்தில் அவற்றின் கீழே சிவப்புக் கோடு போட்டோம். நானும் போட்டிருக்கிறேன், இன்று அதற்காக வருந்துகிறேன்.

சொற்கள் இடம்மாறுவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்று ஐந்தையும் எண்ணும் குறளில் நாற்றம் என்பது மணம் முழுவதற்கும் பெயர், ஊறு என்பது தொடுவுணர்வு. இன்று ஒன்று கெட்ட மணமாகவும் மற்றது தீங்காகவும் சுருங்கிவிட்டன. தொடுவுணர்வுக்கு இருந்த அந்தச் சிறிய சொல்லை இழந்துவிட்டோம் என்பது எனக்கு உள்ளபடியே கவலை தருவது. இருந்தும் இரட்டைக்கிளவி நம்மிடம் இருக்கிறது: சொரசொர, வழுவழு, பிசுபிசு, மொறுமொறு. இவற்றை வாயால் சொல்லும்போதே விரல் உணர்கிறது. ஆனால் ஒரு பந்தியில் ஒன்றுதான். படலை சொன்ன அளவு இதற்கும் பொருந்தும்.

ஈச்சம்பற்றை எழுதியது:

ஐயா, கண்ணை விட மற்றப் புலன்கள் முந்துவதை மா வறுக்கும்போதும் கண்டிருக்கிறேன். அரிசிமா சிவக்க விடக்கூடாது, ஆகவே பதத்தைக் கண் சொல்லாது. அகப்பை இலேசாகும், ஈர மணம் போய் வறுபட்ட மணம் எழும்பும், கிள்ளிப் போட்டால் மணல்போல் விழும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே இறக்குவார்.

முற்றத்துவேம்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை பெற்றோரின் அனுமதியோடு பதினொரு பிள்ளைகளைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிச்சென்றேன். தாள், பேனை எதுவும் இல்லை. “நீ இங்கே யார்?” என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டு, ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நிற்கவேண்டும் என்றேன். ஒரு பிள்ளை தன் அம்மம்மாவோடு வந்து, உண்மையாகவே சாமான் வாங்கினாள். திங்கட்கிழமை துலாக்கிணறு தம்பியின் அம்மாவைப் பற்றி வாசித்துக் காட்டினேன்; வகுப்பில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அதன் பின்னரே எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதிய பந்தி இது, எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

“அம்மம்மா வெங்காயத்தைக் கடைசியாகத்தான் வாங்குவார், ஏனென்றால் அது பாரம். அதற்குள் கடகத்தின் விளிம்பு என் இடுப்பை அறுக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு கை வெங்காயத்தை அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்து உலுப்பினார். சருகு பறந்து என் கையில் ஒட்டியது. காயாத வெங்காயம் சத்தம் போடாது. இது சத்தம் போட்டது. வெங்காயத்துக்கும் வாய் உண்டு. கடைக்காரர் நிறுக்கும்போது அம்மம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, தராசின் தட்டையே பார்த்தார். வீட்டுக்கு வந்து கடகத்தை இறக்கியபோது இடுப்பில் ஓலையின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. இரவு படுக்கும்போதும் விரலுக்குத் தெரிந்தது.”

மல்லிகை இல்லை. மாம்பழம் இல்லை. மற்றப் பத்துப் பேரில் நால்வர் இன்னும் “நறுமணத்தை நுகர்ந்தேன்” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் உழைக்கவேண்டும்.

பாசையூர்க்கரை எழுதியது:

வெங்காயத்தைக் காதால் வாங்கும் அம்மம்மாவை நான் போய்ப் பார்க்கவேண்டும்.

படலை எழுதியது:

ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கடைசி வரியில் நான் கைவைக்கமாட்டேன். ஒரேயொரு ஆலோசனை: “வெங்காயத்துக்கும் வாய் உண்டு” என்ற வரியை எடுத்துவிடலாம். சத்தம் போட்டது என்று சொல்லியாயிற்று. அதன் பின்னர் வருவது விளக்கம்போல் நிற்கிறது. எழுதுபவர் அழகாகச் சொல்ல முயன்ற ஒரே இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

முற்றத்துவேம்பு எழுதியது:

உங்கள் ஆலோசனையை இன்று பிள்ளையிடம் சொன்னேன். நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன். அவள் எடுக்கமாட்டேன் என்றாள். “அது நான் எழுதின வரி இல்லை, ரீச்சர். அம்மம்மா கடைக்காரரிட்டைச் சொன்னது. நான் பக்கத்தில நிண்டு கேட்டது” என்றாள்.

மேற்கோள் குறி மட்டும் போடச் சொன்னேன். போட்டுவிட்டாள். கட்டுரை நாளை வலயப் போட்டிக்குப் போகிறது.

படலை எழுதியது:

அப்படியென்றால் இருக்கட்டும், ரீச்சர்.